ஸ்டிக்கரைக் கடைசியாகப் படியுங்கள்

பழைய இத்தாலிய ரேசிங் சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது கீழ்க்குழாயில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். வீம்புக்காக இல்லை. அந்தச் சைக்கிளில் எளிதாக மாற்றக்கூடியது அந்தப் பெயர் ஒன்றுதான். ஒரு செட் ஸ்டிக்கர் இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கிறது, ஒரு மாலை நேரம் போதும். குழாயின் தடிமனையோ, மரையின் அளவையோ, குழாய்களை இணைக்கும் உறையான லக்கில் அரம் போட்ட தடத்தையோ அப்படி மாற்ற முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தாலியில் பெயர் ஒருவருடையதாகவும் கை வேறொருவருடையதாகவும் இருப்பது பல காலம் சாதாரண வழக்கம். மிலானில் விகொரெல்லி பந்தய மைதானத்தின் அடியில் பட்டறை வைத்திருந்த ஃபாலியேரோ மாசி கட்டிக் கொடுத்த ஃபிரேம்கள் வேறு கம்பெனிகளின் வண்ணத்தில் பந்தயம் ஓடியிருக்கின்றன. பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸின் பெயரைத் தாங்கி ஓடிய சில சைக்கிள்களைக் கட்டியவர் குசானோ மிலானினோவில் இருந்த உகோ தெ ரோசா. வீரருக்கு நம்பிக்கையான ஒரு கைவினைஞர் இருப்பார், ஸ்பான்சருக்குத் தன் பெயர் வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எனவே பெயரும் இரும்பும் பொருந்தவில்லை என்றால் உடனே யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொருந்தவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

நான் பெர்கமோ பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் வேலை பார்க்கிறேன். சைக்கிள் பைத்தியம் பிடித்தது இங்கே வந்த பிறகு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஊர்ச் சாலைகளில் எழுபது வயதுக்காரர்கள் எஃகு சைக்கிளில் மேடு ஏறுவதைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். லேத்காரன் என்பதால் எனக்குப் பெயர்களைவிட அளவுகள் சீக்கிரம் மனதில் நின்றன. எங்கள் கட்டடத்தில் இது எப்படியோ பரவி, யாருக்காவது கீழறையில் பழைய சைக்கிள் கிடைத்தால் என் கதவைத் தட்டுகிறார்கள். மேல்மாடி சிஞ்ஞோராவின் தம்பி இறந்த பிறகு அவருடைய சைக்கிளும் அப்படித்தான் வந்தது. சிஞ்ஞோராவின் மகன் மார்க்கோவுக்கு அதை விற்று, மாமாவின் மற்ற சொத்தோடு சேர்த்துப் பங்கு பிரிக்க வேண்டும். "கொல்னாகோ, சரோன்னி ஓட்டினாரே, அதே சிவப்பு. நாலாயிரம் யூரோ போகுமாமே" என்றார்.

பளபளக்கும் சிவப்பு. மேலே வெள்ளை எழுத்தில் கொல்னாகோ என்ற பெரிய சைக்கிள் கம்பெனியின் பெயர், தலைக்குழாயில் க்ளாவர் இலைச் சின்னம். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொன்னேன்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் அடிவயிறு, பெடல் அச்சு ஓடும் அந்தக் குறுக்குக் குழாய். இத்தாலியர்களுக்கு இதில் சொந்த அளவு இருக்கிறது. குழாயின் அகலம் 70 மில்லிமீட்டர், மரை 36 மில்லிமீட்டர் விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. அதாவது விட்டம் மெட்ரிக்கில், புரி அங்குலத்தில். லேத்தில் நிற்கிறவனுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆங்கிலேய அளவு என்றால் அகலம் 68, விட்டம் 1.37 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 34.8 மில்லிமீட்டர். பிரெஞ்சு அளவு 35 மில்லிமீட்டர், புரி இடைவெளி 1 மில்லிமீட்டர். வெர்னியர் ஒன்று இருந்தால் பெடல் அச்சைக் கழற்றாமலே அகலத்தை அளந்துவிடலாம்.

இங்கே ஒரு வலை விரித்திருக்கிறது. இத்தாலிய விட்டம் பெரிது என்பதால், மரை தேய்ந்துபோன ஆங்கிலேய ஃபிரேமைக் காப்பாற்ற அதைக் குடைந்து இத்தாலிய மரை போடுவது பழைய வைத்தியம். ஆகவே உள்ளே 36 இருக்கிறது என்பதால் மட்டும் அது இத்தாலிய ஃபிரேம் ஆகிவிடாது. 36 மரையோடு அகலம் 68 என்றால் சந்தேகப்படுங்கள். 70 என்றால் பெரும்பாலும் பிறப்பே அப்படித்தான்.

இத்தாலிய மரைக்கு ஒரு குணக்கேடும் உண்டு. ஆங்கிலேய முறையில், பால்ரஸைத் தாங்கும் கப்புகளில் செயின் பக்கத்துக் கப் இடதுமரை. ஓட்டும்போது அச்சின் பளு பால்ரஸ் வழியாகச் சுற்றிச் சுற்றி அழுத்தும்போது கப் கழலாமல் இருக்கவே அப்படி வைத்தார்கள். இத்தாலியர்கள் இரண்டு பக்கமும் வலதுமரைதான். அதனால் செயின் பக்கத்துக் கப் மெல்ல மெல்லக் கழன்று வரும். நல்ல மெக்கானிக் முரட்டுத்தனமாக இறுக்கிவைப்பார். கவனிக்காமல் ஓட்டிய சைக்கிளில் கப் ஆடி ஆடி மரையையே தின்றிருக்கும். வாங்குகிறவர் என்றால் விலை பேசும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். மார்க்கோவின் சைக்கிளில் அகலம் சரியாக 70. கப் அசையவில்லை. மாமா தன் சைக்கிளை மதித்தவர் என்று தெரிந்தது.

அடுத்தது குழாய். குழாய் செய்யும் கொலம்பஸ் கம்பெனியின் ஸ்டிக்கர் இருந்தால் சந்தோஷம், ஆனால் அதுவும் ஸ்டிக்கர்தானே. சீட் போஸ்டை உருவி அதில் குத்தியிருக்கும் விட்டத்தைப் படியுங்கள். சீட் குழாயின் வெளி விட்டம் அந்தக் காலத்து ரேசிங் சைக்கிள்களில் 28.6 மில்லிமீட்டர். உள்ளே எவ்வளவு பெரிய போஸ்ட் நுழைகிறதோ அவ்வளவு மெல்லிய சுவர் என்று அர்த்தம். கொலம்பஸ் எஸ்எல் குழாய்க்கு 27.2 போகும். சற்றுத் தடித்த எஸ்பி குழாய்க்கு 27.0. எஸ்பி கனமானவர்களுக்கும் பெரிய ஃபிரேம்களுக்கும் போட்டது, தரத்தில் ஒன்றும் குறைவில்லை. போஸ்ட் 26 புள்ளி ஏதோ என்றால் அது பெரும்பாலும் விலை குறைந்த குழாய், மேலே எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் சரி. ஆனால் யாராவது சின்னப் போஸ்டைத் திணித்துத் தகடு சுற்றி இறுக்கியிருக்கலாம். அப்போது சீட் லக்கின் காதுகள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக் கோணலாக நிற்கும். கண்ணில் படாமல் போகாது.

எஸ்எல் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முக்கியக் குழாய்களின் இரண்டு முனையிலும் சுவர் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. பற்றவைக்கும் சூட்டில் எஃகு வலு இழக்கும் இடத்தில் மட்டும் தடிமன், மற்ற இடத்தில் எடைக் குறைப்பு. எஸ்பியில் அது 1.0, 0.7. எண்பதுகளில் எஸ்எல்எக்ஸ் வந்தது. அதில் குழாயின் உள்ளே, பெடல் அச்சை நெருங்கும் முனைகளில் சுருள் சுருளாக மேடுகள் இருக்கும். அச்சைக் கழற்றி டார்ச் அடித்தால் தெரியும். ஃபோர்க்கின் தண்டுக்குள்ளும் அடியில் கொலம்பஸ் அப்படிச் சுருள் மேடு வைத்தது. எஸ்எல் ஃபிரேமிலும் அது உண்டு என்பதால் ஃபோர்க்கை மட்டும் பார்த்துவிட்டு "இது எஸ்எல்எக்ஸ்" என்று குதிக்கக் கூடாது. கொலம்பஸ் குழாயும், சக்கர அச்சு உட்காரும் கம்பாஞோலோ கம்பெனி டிராப்பவுட்டும் இருப்பதால் மட்டும் ஃபிரேம் இத்தாலியில் பிறந்ததாகவும் ஆகாது. உலகமெங்கும் கட்டுகிறவர்கள் அவற்றை வாங்கித்தான் கட்டினார்கள்.

போஸ்ட் வந்தால்தானே இதெல்லாம். அலுமினியப் போஸ்ட் எஃகுக் குழாய்க்குள் கிரீஸ் இல்லாமல் இருபது வருடம் இருந்தால் இரண்டும் ஒட்டிப் போகும். ஹேண்டில் தண்டும் அப்படியே. ஒட்டிப்போன போஸ்ட் ஒன்றுக்காக நான் கேட்ட விலையில் நூறு யூரோவுக்கு மேல் குறைத்துக் கேட்பேன், அதை வெளியே எடுப்பதில் ஃபிரேமே போய்விடலாம். மார்க்கோவுடையது கையாலேயே வந்துவிட்டது. 27.2 என்று இருந்தது.

இனி வயது. ஃபிரேம் எண்ணை வைத்து வருடம் சொல்லிவிடலாம் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. இத்தாலியச் சின்னப் பட்டறைகளில் அந்தப் பழக்கமே பலருக்குக் கிடையாது. அடியில் 56 என்று குத்தியிருந்தால் அது பெரும்பாலும் ஃபிரேமின் சைஸ், 1956 இல்லை. அப்படி ஒருவர் என்னிடம் "ஐம்பத்தாறாம் வருட மாடல்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். கியர் நெம்புகோலுக்கான மேடை பற்றவைத்த ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு!

அந்த மேடைதான் நல்ல கடிகாரம். எழுபதுகளின் நடுப்பகுதி வரை கியர் நெம்புகோல், பிரேக் கேபிள், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பட்டைக் கவ்வியால் குழாயில் மாட்டினார்கள். ஃபிரேமில் துளையிட்டுப் பற்றவைப்பது பலவீனம் என்ற பயம். எழுபதுகள் முடியும்போது நெம்புகோல் மேடையும் ஒரு பாட்டிலுக்கான துளைகளும் ஃபிரேமிலேயே வந்துவிடுகின்றன. எண்பதுகளில் கியர் கேபிள் பெடல் அச்சுக் குழாயின் மேலே போவதை விட்டுவிட்டு அடியில் போகத் தொடங்குகிறது, இரண்டாவது பாட்டிலுக்கும் இடம் வருகிறது, சிலவற்றில் பின் பிரேக் கேபிள் மேல்குழாயின் உள்ளே நுழைகிறது. எல்லாப் பட்டறையும் ஒரே நாளில் மாறவில்லை. வாடிக்கையாளர் பழைய முறை வேண்டும் என்றால் பழைய முறைதான். எனவே இரண்டு மூன்று வருடம் முன்பின் விட்டுக்கொள்ளுங்கள்.

பின்பக்க டிராப்பவுட் இரண்டுக்கும் இடையே அளந்தால் இன்னொரு சாட்சி. 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பல்சக்கரக் காலம், 126 என்றால் ஆறு அல்லது ஏழு, 130 என்றால் எட்டு, அதாவது எண்பதுகளின் கடைசி அல்லது அதற்குப் பிறகு. எஃகு ஃபிரேமை நெம்பி அகலப்படுத்தலாம், செய்திருக்கிறார்கள். அதனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பாகங்கள்தான் உண்மையில் வாய் திறந்து பேசும். விசென்சாவில் 1933-இல் துல்லியோ கம்பாஞோலோ தொடங்கிய கம்பெனி நமக்குச் செய்த உதவி, பின் கியரின் மேல் பாகத்தில் 'பேடன்ட்' என்ற சொல்லோடு ஒரு வருடத்தைக் குத்தி வைத்தது. அவர்களுடைய நுவோவோ ரெக்கார்ட் என்ற பாகங்களின் செட்டில் 'பேடன்ட் 72', 'பேடன்ட் 76' என்று இருக்கும். சூப்பர் ரெக்கார்ட் என்ற செட்டில் சுருக்கமாக 'பேட் 80'. காப்புரிமை வருடம் என்று பார்வைக்குத் தோன்றினாலும் நடைமுறையில் அதைத் தயாரித்த காலத்தை ஒட்டியே மாறிக்கொண்டு வந்தது. பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கின் பின்புறம் துடைத்துப் பார்த்தால் ஒற்றை இலக்கம் ஒன்று தென்படும். வைர வடிவத்துக்குள் இருந்தால் எழுபதுகள், வட்டத்துக்குள் இருந்தால் எண்பதுகள் என்பது கைக்கணக்கு. கிராங்க் பல்சக்கரத்தைத் தாங்கும் ஐந்து போல்ட்டுகளின் வட்டம் 144 மில்லிமீட்டர் என்றால் அறுபதுகளின் இறுதிக்குப் பிறகு, 151 என்றால் அதற்கு முன். ஹேண்டில்பாரில் சினெல்லி சின்னம் கேடயம் போல இருந்தால் பழையது. 1978-இல் கொலம்பஸ் குடும்பத்தின் அந்தோனியோ கொலொம்போ சினெல்லியை வாங்கிய பிறகு, இறக்கை முளைத்த 'சி' எழுத்து வந்தது.

இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதுதான் முழு விஷயமும். ஒரு பாகம் 74, ஒன்று 81, ஒன்று 88 என்றால் யாரோ சந்தையில் பொறுக்கிச் சேர்த்த சைக்கிள். எல்லாம் ஓரிரு வருடத்துக்குள் நின்றால் அது கடையிலிருந்து புறப்பட்ட கோலத்திலேயே இருக்கிறது என்று பொருள். மாமாவின் சைக்கிளில் பின் கியர் 'பேட் 80'. இரண்டு கிராங்க்கிலும் வட்டத்துக்குள் 1. ஹேண்டில்பாரில் இறக்கைச் சின்னம். பின் இடைவெளி 126. நெம்புகோல் மேடை பற்றவைத்தது, பாட்டிலுக்கு ஒரே ஜோடித் துளை. ஆகவே 1981 அல்லது 82. முழு சூப்பர் ரெக்கார்ட் செட், ஒன்றும் குறையவில்லை. ஃபிரேம் பம்ப் கூட இருந்தது, கம்பாஞோலோ தலை போட்ட சில்கா. பெரும்பாலான சைக்கிள்களில் முதலில் தொலைவதே பம்ப்தான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கொல்னாகோ விஷயத்துக்கு வந்தேன்.

எர்னெஸ்தோ கொல்னாகோவின் க்ளாவர் சின்னம் 1970-க்குப் பிறகு வந்தது. அந்த வருடம் மிகேலே தான்செல்லி அவருடைய சைக்கிளில் மிலான்-சான்ரெமோவை வென்றார். இத்தாலியர் ஒருவர் அதை ஜெயித்து 17 வருடம் ஆகியிருந்தது. எனவே க்ளாவர் சின்னத்தோடு "65-ஆம் வருடக் கொல்னாகோ" என்று யாராவது விற்றால் சின்னம் பொய் அல்லது வருடம் பொய். 81 வாக்கிலோ அந்த க்ளாவர் ஸ்டிக்கரோடு நிற்கவில்லை, இரும்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. லக்கில் க்ளாவர் வடிவ வெட்டு, ஃபோர்க் தலையில் க்ளாவர் புடைப்பு, சீட் குழாயின் பக்கத்தில் சேரும் மெல்லிய குழாய்களின் நெற்றியில் பெயர் பொறிப்பு. தடவிப் பார்த்தாலே விரலுக்குத் தெரியும், எத்தனை பூச்சு வண்ணம் அடித்தாலும் தெரியும். மற்ற பட்டறைகளும் இதையே செய்தன. தெ ரோசாவுக்கு இதயம், குவெர்ச்சோத்திக்கு நட்சத்திரம், திரெவிசோவின் பினரெல்லோவுக்குக் 'ஜிபிடி' என்ற மூன்று எழுத்து.

மாமாவின் ஃபிரேமில் ஒன்றும் இல்லை. குழாய் நெற்றி வழவழப்பு. ஃபோர்க் தலை வெறுமை. லக்குகளில் மட்டும் நீளமான ஒரு வெட்டு, அரத்தால் கையாலே மெலித்த விளிம்பு, மிக நேர்த்தி. பித்தளை வழிந்த தடம் ஓரிடத்திலும் இல்லை. அடியில் 56-உம் அதற்குப் பக்கத்தில் ஒரு வரிசை எண்ணும். நல்ல கை. ஆனால் கொல்னாகோ இல்லை. ஃபோர்க் திரும்பச் சுழலும் ஹெட்செட் கப்பைக் கழற்றியபோது தலைக்குழாயின் உட்புற விளிம்பில் நீலம் தெரிந்தது. சிவப்பு இரண்டாவது வண்ணம்.

மார்க்கோ முகம் சுருங்கிப்போனார். "அப்போ மாமாவை யாரோ ஏமாற்றிவிட்டார்களா?" என்றார். சிஞ்ஞோரா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சத்தமாகச் சிரித்தார். தம்பிக்கு சரோன்னி என்றால் உயிராம். 1982-இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் சரோன்னி கடைசி மேட்டில் எல்லோரையும் விட்டுவிட்டு உலகச் சாம்பியன் ஆனதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் நீலச் சைக்கிளைக் கொண்டுபோய்ச் சிவப்பு அடித்து, கொல்னாகோ என்று ஒட்டிக்கொண்டு வந்தாராம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மருமகன் மட்டும் அப்போது பிறக்கவில்லை.

எனக்கு அந்த ரசிகரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் விலை வேறு விஷயம்.

விலையை நான் இப்படித்தான் யோசிப்பேன். முதல் கேள்வி யார் வாங்குவார்கள் என்பது. இத்தாலியில் பழைய எஃகு சைக்கிளின் சந்தையைத் தூக்கி நிறுத்தியிருப்பது லெரோய்கா. தொஸ்கானாவில் கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் 1997-இல் தொடங்கிய ஓட்டம், வெள்ளை மண் சாலைகளில் நடப்பது. அதில் பழைய சைக்கிளுக்குத்தான் அனுமதி. 1987-க்கு முன் கட்டிய ரேசிங் சைக்கிள், கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில், பெடலில் பாதத்தைப் பிடிக்கும் கூண்டும் வாரும், பிரேக் கேபிள் ஹேண்டிலுக்கு மேலே வெளியே வளைந்து வர வேண்டும். விளைவு என்னவென்றால் 1985 சைக்கிளுக்கு வாங்க ஆள் இருக்கிறது. அதைவிட நன்றாக ஓடும் 1990 சைக்கிள் அங்கே கேட்பாரற்று நிற்கிறது. நீங்களே ஓட்டுவதற்கு வாங்குகிறீர்கள் என்றால் அந்த 1990-ஐத் தேடுங்கள். காசு மிச்சம், கியரும் சொன்ன பேச்சு கேட்கும்.

இரண்டாவது சைஸ். இதை யாரும் பேசுவதில்லை, விலையில் பாதி இதுதான் பேசுகிறது. 54 முதல் 57 வரை வேகமாகப் போகும். 49-உம் 62-உம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாதக்கணக்கில் விளம்பரத்தில் கிடக்கும். இதிலும் அச்சு மையத்திலிருந்து மேல்குழாயின் மையம் வரையா, குழாயின் உச்சி வரையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டறைக்குப் பட்டறை வேறு. ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்.

மூன்றாவது வண்ணம். கீறல் விழுந்து, ஓரிடத்தில் துரு எட்டிப் பார்த்தாலும் முதல் வண்ணம் இருக்கும் ஃபிரேமுக்கு, புதிதாக அடித்துப் பளபளக்கும் ஃபிரேமைவிட அதிகம் கொடுக்கிறார்கள். கொடுக்கவும் வேண்டும். மறுவண்ணத்துக்கு அடியில் என்ன நசுங்கல், என்ன பற்றவைப்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் விற்கப் போகிறவர்களிடம் கெஞ்சுகிறேன், தயவுசெய்து எதையும் மெருகேற்றாதீர்கள். பாதி உரிந்த ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். காய்ந்து வெடித்த பிரேக் ரப்பரைக் குப்பையில் போடாதீர்கள். துணியால் தூசி துடைத்தால் போதும்.

ஃபிரேமின் உடல்நிலையை மார்க்கோவோடு சேர்ந்து பார்த்தேன். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய் கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் விரலால் வருடினேன். முன்னால் எதன் மீதாவது மோதிய சைக்கிளில் அங்கே தோல் சுருக்கம் போல ஒரு மடிப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். இருந்தால் அந்த ஃபிரேமைப் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள். பிறகு ஒரு நூலை ஒரு பக்க டிராப்பவுட்டில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறுபக்க டிராப்பவுட்டுக்கு இழுத்து, சீட் குழாயிலிருந்து இரண்டு பக்கத்து நூலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்தேன். அரை மில்லிமீட்டருக்குள் நின்றது. பெயர் தெரியாத அந்தக் கைவினைஞருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு. கடைசியாகக் கிராங்க். இந்தக் கால ரெக்கார்ட், சூப்பர் ரெக்கார்ட் கிராங்க்குகளில் நட்சத்திரக் கை கிராங்க்கோடு சேரும் மூலையில் மயிரிழை விரிசல் விடுவது தெரிந்த நோய். சோப்புத் தண்ணீரில் கழுவி, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருக்கும் கிராங்க்கை அலமாரியில் வைத்து ரசிக்கலாம், மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. இதில் இல்லை.

சரி, எவ்வளவு? விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது விற்பவரின் ஆசை. விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள். முதல் வண்ணத்தோடு நிஜமான கொல்னாகோவாக, இதே செட்டோடு இருந்திருந்தால் இரண்டாயிரம் யூரோவுக்குக் குறையாமல் கேட்கச் சொல்லியிருப்பேன். இதற்கு ஆயிரம் கேளுங்கள், எண்ணூறுக்குக் கொடுங்கள் என்றேன். அதில் பெரும்பங்கு சூப்பர் ரெக்கார்ட் செட்டுக்கு. ஃபிரேமுக்குக் கிடைப்பது நியாயமாகக் கிடைக்க வேண்டியதில் கால்வாசிதான். நேர்த்தியில் இதற்குக் கீழே இருக்கும் பெரிய பெயர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்காக வாங்கும்போது நான் தேடுவது இந்த மாதிரிப் பெயரில்லாத லொம்பார்தியா ஃபிரேம்களை.

பாகங்களைப் பிரித்து விற்றால் இன்னும் இருநூறு முந்நூறு கூட வரும் என்று மார்க்கோவின் நண்பர் சொன்னாராம். உண்மைதான். பிரித்து விற்பதே பாவம் என்று சாமியாடுகிற ஆள் நான் இல்லை. மோதி மடங்கிய ஃபிரேம் என்றால் நானே ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். ஆனால் இது 1987-க்கு முந்தையது, 56 சைஸ், சக்கரத்தின் கோட்டம் எடுத்துப் புதுக் குழல் டயர் ஒட்டினால் அப்படியே லெரோய்காவுக்குப் போகக்கூடியது. அப்படி முழுசாக நிற்கும் சைக்கிள்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பிரித்தால் ஃபிரேம் யார் வீட்டுப் பால்கனியிலோ பூந்தொட்டி தாங்கும்.

விளம்பரத்தில் என்ன பெயர் எழுதுவது என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. "கொல்னாகோ என்றே போட்டுவிடலாமே, ஸ்டிக்கர் இருக்கிறதே" என்றார் மார்க்கோ. நான் எழுதிக் கொடுத்தது இது: "லொம்பார்தியா கைவினை ஃபிரேம், ஏறக்குறைய 1981, கொலம்பஸ் எஸ்எல் அளவு, முழு சூப்பர் ரெக்கார்ட், மறுவண்ணம், கொல்னாகோ ஸ்டிக்கர் உண்மையானது அல்ல." இதோடு அடிவயிறு, குழாய் நெற்றி, பின் கியர் எண், கிராங்க் பின்புறம், தலைக்குழாய் உட்புற நீலம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம். வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே பதில் இருந்தால் பேரம் குறையும். சியெனா பக்கத்து ஆள் ஒருவர் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, மேல்குழாயின் நீளத்தையும் கிராங்க்கின் நீளத்தையும் கேட்டார். 850 யூரோவுக்கு முடிந்தது.

அனுப்பும்போது ஒன்று கவனிக்க வேண்டும். சக்கரம் கழற்றிய ஃபிரேமைப் பெட்டியில் போட்டால் பின் டிராப்பவுட் நசுங்கி உள்ளே வளைந்துவிடும், ஃபோர்க்கும் அப்படியே. பின்னால் 126, முன்னால் 100 மில்லிமீட்டருக்கு இரண்டு மரத்துண்டு வெட்டி, நடுவில் துளை போட்டு, பழைய அச்சு ஒன்றால் இறுக்கிவிடுங்கள். பெடலைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள், இடது பெடல் இடதுமரை என்பதை மறக்காமல். பின் கியரை டிராப்பவுட்டிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிட வேண்டும். கூரியர்காரர் பெட்டியை எந்தப் பக்கமாகப் போட்டாலும் முதலில் அடிபடுவது அதுதான்.